கொடுக்கும் கை

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் அமரவிளையையும் கடந்தால் பாறசாலை வருகிறது. அதற்கப்பால் இஞ்சிவிளை, அதை அடுத்துக் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கல் நடப்பட்டதே தவிர, உறவுகள் பிரியவில்லை. இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் தென்னை விளையும் உடைய குடும்பங்கள் இன்றும் உண்டு.

இப்பகுதியில் ஓர் அன்பரின் இல்லத்தில் மாதந்தோறும் கீதை வகுப்பு நடைபெறுகிறது. கர்க்கடக மாதத்தில் நடந்த வகுப்பில் பதினேழாம் அத்தியாயத்தின் தானத்தைப் பற்றிய பகுதியைப் பார்த்தோம். வகுப்பு முடிந்ததும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் அருகில் வந்தார்.

“சுவாமிஜி, சிங்ங மாதம் பிறந்ததும் வீட்டையும் நிலத்தையும் மகன் பெயருக்கு எழுதிவைக்க எண்ணியிருக்கிறோம். ‘எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஆதாரம் எழுதுபவர். பெற்ற மகனுக்கா நிபந்தனை போடுவது? பிரதிபலனை எதிர்பார்த்துக் கொடுப்பது ராஜஸ தானம் என்று இப்போதுதானே தாங்கள் சொன்னீர்கள்?”

நேர்மையான கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணம், கடைசி வரிசையில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார்.

ஒரு பிழையும் ஒரு பாடமும்

பல ஆண்டுகளுக்கு முன் இதே பகுதியில் வானப்ரஸ்த ஆசிரமத்தைப் பற்றிப் பேசினேன். “தலை நரைத்த பின்னும் சாவிக்கொத்து எதற்கு? பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு நாமஜபம் செய்யுங்கள்” என்று உற்சாகத்தோடு சொன்னேன். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். அந்த மூதாட்டி மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே தமது வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். ஆதாரமோ மலையாளத்தில் இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்.

பின்னொரு நாள் அவர் என்னிடம் சொன்னது இது: “சோறு தாறான் சாமி, குறை சொல்லப்படாது. ஆனா எனக்க வீட்டிலே எல்லாத்துக்கும் கேட்டு நிக்கணும். இங்கே வாறதுக்குப் பஸ்ஸுக்குக் காசு கேட்டேன். எதுக்குன்னு கேட்டான். கீதை கேக்கன்னு சொன்னேன். வீட்டிலே டிவியிலே கேட்டா போதாதான்னான்.”

அவர் பட்டினி கிடக்கவில்லை. யாரும் அவரை அடிக்கவும் இல்லை. எனினும் ஏதோ ஒன்று அவரிடமிருந்து போய்விட்டது. அதற்கு என் பேச்சும் ஒரு காரணம். துறவைப் பற்றிப் பேசிய நான், துறப்பதற்கும் இழப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தவறிவிட்டேன். தன்னிடம் இருப்பதைத் தெளிந்த மனத்துடன் விடுபவர் துறவி. எதை விடுகிறோம் என்று அறியாமலே விட்டவரைத் துறவி என்று எவ்வாறு அழைப்பது?

ஆகவே ஆசிரியர் கேட்ட கேள்விக்கு நான் சொல்லும் விடை, அன்று என் பேச்சைக் கேட்ட அனைவருக்கும் நான் செலுத்த வேண்டிய கடனும் ஆகும்.

கீதை சொல்வது என்ன?

கொடுப்பது கடமை என்னும் உணர்வோடு, திரும்பச் செய்ய இயலாதவருக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில், தகுதி அறிந்து கொடுப்பது சாத்விக தானம் என்கிறார் பகவான். கைம்மாறு கருதியோ பலனை நாடியோ மன வருத்தத்துடனோ கொடுப்பது ராஜஸம். இடமும் காலமும் தகுதியும் பாராமல், மதிப்பின்றிக் கொடுப்பது தாமஸம்.

ராஜஸ தானத்தைக் குறிக்கும் சுலோகத்தில் ‘பரிக்லிஷ்டம்’ என்றொரு சொல் வருகிறது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் அச்சொல்லின் முன் நான் பலமுறை தயங்கி நின்றதுண்டு. மனம் நொந்து, உள்ளுக்குள் வருந்திக்கொண்டே கொடுப்பது என்று பொருள் கொள்ளலாம். ‘எழுதிக் கொடுக்காவிட்டால் மகன் முகம் கொடுத்துப் பேசமாட்டான்’, ‘மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளிருக்காது’ என்ற அச்சத்தில் இடும் கையெழுத்து இந்த வகையைச் சேர்ந்தது. ஆதாரத்தில் நிபந்தனை ஏதும் இல்லாததாலேயே அது சாத்விகம் ஆகிவிடாது. நிபந்தனை காகிதத்தில் இல்லை. அச்சமாக நெஞ்சில் இருக்கிறது.

இன்னொன்றையும் நோக்க வேண்டும். ‘என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்று எழுதுவது பிரதிபலன் கேட்பதாகுமா? பெற்றோரைப் பேணுவது, சொத்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மக்களுக்கு உள்ள கடமை. தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளுமாறு தைத்திரீய உபநிஷதத்தில் குரு மாணவனுக்கு உபதேசிக்கும்போது, அவர்கள் சொத்து வைத்திருந்தால் என்று நிபந்தனை சொல்லவில்லை. முன்பே இருக்கும் கடமையை ஆதாரத்தில் குறிப்பது அதற்கு விலை பேசுவதாகாது. ஸ்ரீராமனிடம் பற்றுள்ளவன் நாமத்தை எழுதிவைப்பதால் அவன் பக்தி குறைந்துவிடுகிறதா?

ஸ்மிருதி கண்ட தர்மம்

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். நாரத ஸ்மிருதி, வழக்குகளைப் பதினெட்டுத் தலைப்புகளாகப் பிரிக்கிறது. கொடுத்ததைத் திரும்பப் பெறுவது அவற்றுள் ஒன்று. எவையெல்லாம் கொடுத்தும் கொடுக்கப்படாதவையே என்று அங்கே பதினாறு வகைகள் கூறப்படுகின்றன. அச்சத்தால் கொடுத்தது, துயரத்தின் வேகத்தில் கொடுத்தது, நோயுற்றவர் கொடுத்தது, வஞ்சனையால் பெறப்பட்டது, சுதந்திரம் இல்லாதவர் கொடுத்தது ஆகியவை அப்பட்டியலில் இடம் பெறுகின்றன. ‘இவன் எனக்கு இந்தப் பணியைச் செய்வான்’ என்ற எதிர்பார்ப்பில் கொடுத்ததும் அதில் உண்டு. வலிந்து எழுதி வாங்கியது செல்லாது என்று மனு ஸ்மிருதியும் கூறுகிறது.

சுதந்திரம் இல்லாதவரின் கொடை கொடையே அன்று என்பது இதன் சாரம். கொடுக்கும் கை சுதந்திரமாக இருந்தால்தான் தானம் பிறக்கும். முதியவரின் சுதந்திரத்தைக் காப்பது, அவர் கொடுப்பதைத் தடுப்பதற்காக அன்று. அவர் கொடுப்பது உண்மையான தானமாக இருப்பதற்காகவே.

நாட்டின் சட்டம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. 2031-இல் இவ்விகிதம் கேரளத்தில் 20.9 ஆகவும் தமிழ்நாட்டில் 18.2 ஆகவும் உயரும் என்பது அரசின் மதிப்பீடு. அதாவது எல்லையின் இருபுறமும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முதியவராக இருப்பார். 2025-இல் கேரள சட்டமன்றம், நாட்டிலேயே முதன்முறையாக முதியோருக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டத்தை இயற்றியதற்கும் இதுவே பின்னணி.

இருபுறத்துக்கும் பொதுவான மத்தியச் சட்டம் ஒன்று உண்டு. அது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். அதன் 23-ஆம் பிரிவை வயது வந்த ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் தம் சொத்தைத் தானமாகவோ வேறு வகையிலோ கொடுத்து, பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்தக் கைமாற்றம் வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் அதைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நாரதர் சொன்னதன் எதிரொலி இங்கே கேட்கவில்லையா?

ஆனால் ‘நிபந்தனையோடு’ என்ற சொல்லில்தான் பலரது வழக்கு இடறி விழுந்தது. அந்த நிபந்தனை ஆதாரத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று 2020-இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. அன்பினால் கொடுத்தார் என்பதை மட்டும் கொண்டு நிபந்தனை இருந்ததாகக் கொள்ள முடியாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறிற்று.

2025 ஜனவரி 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய மற்றொரு தீர்ப்பு முதியோருக்குச் சற்று ஆறுதல் அளித்தது. மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரைச் சேர்ந்த ஒரு தாய், தாம் 1968-இல் வாங்கிய சொத்தை 2019-இல் மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். மகன் தாயைப் பராமரிப்பதாகத் தான ஆதாரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் எழுதிய தனி உறுதிமொழித்தாள் ஒன்றும் இருந்தது. உயர்நீதிமன்றம் தாயின் கோரிக்கையை ஏற்கவில்லை. முதியோரின் நலனுக்காக இயற்றிய சட்டத்தை அந்த நோக்கம் நிறைவேறும் வகையில் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், தானத்தை ரத்து செய்து சொத்தைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தது.

நீதி கிடைத்தது உண்மை. எனினும் ஆதாரத்தில் நிபந்தனை ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இல்லாத காரணத்தால், முதுமையில் ஒரு தாய் தலைநகர் வரை வழக்காட நேர்ந்ததே! ஆகவே ஆதாரம் எழுதுபவர் சொன்னது சரியான யோசனை என்று ஆசிரியரிடம் கூறினேன்.

எழுதும் முன் எண்ண வேண்டியவை

முதலாவது, இப்போதே கொடுக்க வேண்டுமா என்பது. உரிய காலம் என்று கீதை சொல்வதை இங்கே நினைவுகூர்வோம். தான ஆதாரம் பதிவானதும் சொத்து கைமாறிவிடுகிறது. பின்னர் நம் விருப்பப்படி அதை ரத்து செய்ய இயலாது. எல்லைப்புறத்தில் ‘ஒஸ்யத்து’ என்று வழங்கும் உயிலோ நம் காலத்திற்குப் பின்னரே பயன் தரும். தெளிந்த அறிவு உள்ளவரை அதை எத்தனை முறையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும்; முத்திரைத்தாள் தேவையில்லை; பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவைப்பது நலம்.

இரண்டாவது, கொடுப்பதென்று தீர்மானித்தால், கணவன், மனைவி இருவரும் உயிருள்ளவரை அவ்வீட்டில் வசிக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உள்ள உரிமையையும், பராமரிப்பு நிபந்தனையையும் ஆதாரத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். வாய்ச்சொல்லை நம்பித் தனியே விடலாகாது.

மூன்றாவது, இப்பகுதி மக்களுக்கு மிக முக்கியமானது. பாறசாலைப் பக்கத்து ஆதாரம் மலையாளத்திலும் களியக்காவிளைப் பக்கத்துப் பத்திரம் தமிழிலும் இருக்கும். வாசிக்கத் தெரியாத எழுத்தில் உள்ள எதிலும், அதை நன்கறிந்த வெளியார் ஒருவர் வரிவரியாகப் படித்துப் பொருள் சொல்லும்வரை கையெழுத்திடக் கூடாது. சொத்தைப் பெறப்போகிறவரே படித்துச் சொல்வது போதாது. மேற்சொன்ன மூதாட்டியின் ஆதாரத்தைப் பிறகு ஒருவர் படித்துப் பார்த்தபோது, அதில் அவர் வசிக்கும் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று தெரிந்தது.

நான்காவது, அன்றாடப் பணம். வங்கிக் கணக்குப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் இரகசிய எண்ணும் உரியவரிடமே இருக்கட்டும். கை நடுங்கிக் கையெழுத்து மாறிவிட்டால், சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் பெற ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிற்கே வந்து சேவை அளிக்குமாறு 2017-இல் அது வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. நாமினி என்பவர் நம் காலத்திற்குப் பின் வங்கியிலிருந்து பணத்தைப் பெறும் பொறுப்பாளரே. அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

ஐந்தாவது, நினைவு தவறும் காலம். நம் நாட்டில் சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் செல்லாததாகிவிடுகிறது. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு முதல், தெளிவுள்ள காலத்திலேயே தமக்கான பாதுகாவலரை ஒருவர் ஒப்பந்தத்தின் மூலம் தேர்ந்தெடுக்கலாம். நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரிலும் 2008-ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய நீடித்த அதிகாரப் பத்திரத்துக்கு வழி செய்கிறது. இங்கு அதற்கு இணையான பொதுச் சட்டம் இல்லாததால், நினைவிழந்த நிலையில் கிடப்போருக்குப் பாதுகாவலரை நியமிக்க 2019-இல் கேரள உயர்நீதிமன்றமே நெறிமுறைகளை வகுக்க நேர்ந்தது. ஆகவே தமக்கு என்ன சிகிச்சை வேண்டும், எங்கே வாழ விருப்பம், யாரை நம்புகிறோம் என்பதைத் தெளிவுள்ளபோதே குடும்பத்தார் அனைவரும் அறியச் சொல்லியும் எழுதியும் வைப்பது விவேகம்.

மக்களுக்கு ஒரு வார்த்தை

மகாபாரதத்தின் ஆச்ரமவாசிக பர்வத்தை அதிகம் பேர் படிப்பதில்லை. போருக்குப் பின் திருதராஷ்டிரன் பதினைந்து ஆண்டுகள் யுதிஷ்டிரனின் அரண்மனையில் வாழ்ந்தான். நாடு போயிற்று, மக்கள் நூற்றுவரும் மாண்டனர், கண்ணும் இல்லை. அந்த முதியவர் தம் விருப்பப்படி தானங்கள் செய்ய எந்தக் குறையும் வரக்கூடாது என்பதில் தர்மபுத்திரன் கருத்தாக இருந்தான். ஆனால் பீமன் மறைவில் சுடுசொல் பேசினான். இறுதியில் கானகம் புறப்படும் முன் பீஷ்மர், துரோணர், தம் மக்கள் ஆகியோருக்குச் சிராத்தம் செய்யத் திருதராஷ்டிரன் பொருள் கேட்டபோதும் பீமன் மறுத்தான். யுதிஷ்டிரனோ, தன் கருவூலம் மட்டுமன்றித் தன் உடலும் அவருடையதே என்று சொல்லியனுப்பினான்.

இத்தனைக்கும் திருதராஷ்டிரன் அவனுக்குத் தீங்கிழைத்தவன். அவனுக்கே அந்த மரியாதை என்றால், பால் கொடுத்த தாய் பஸ் கட்டணத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமா? சோறு போடுவது பராமரிப்பின் தொடக்கம். ‘எதற்கு?’ என்று கேளாமல் கொடுப்பதும், அவர் பணத்தை அவர் கையிலேயே விடுவதும், அவர் எடுக்கும் முடிவு நமக்குப் பிடிக்காவிட்டாலும் பொறுத்துக்கொள்வதும் அதன் நிறைவு. பீமனும் அண்ணனின் அரண்மனையில் முதியவருக்கு உணவு கிடைப்பதைத் தடுக்கவில்லை என்பதை எண்ணிப் பார்ப்போம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொத்தைச் சாட்டையாகச் சுழற்றுவதும் தர்மமன்று. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் கருவியாகக் கொண்டு மருமகளின் வசிப்பிட உரிமையைப் பறிக்க இயலாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஒருவரின் சுதந்திரம் இன்னொருவரின் கண்ணீரில் நிற்கலாகாது.

எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு

மனம் தளர வேண்டாம். சொத்து போனாலும் பராமரிப்பு பெறும் உரிமை போவதில்லை. கோட்ட அளவில் செயல்படும் பராமரிப்புத் தீர்ப்பாயத்தில், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். பாறசாலையில் இருக்கும் தாய், மார்த்தாண்டத்தில் இருக்கும் மகனைத் தேடி எல்லை கடந்து செல்ல வேண்டியதில்லை. இயலாதவர் சார்பில் அவர் அனுமதி பெற்ற ஒருவரோ அமைப்போ மனுச் செய்யலாம். இச்சட்டம் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு இடமளிக்கிறது. தீர்ப்புக்கு முன் சமரச அலுவலர் மூலம் இணக்கம் காணவும் வழி வைத்திருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567.

மைத்ரேயியும் நாமும்

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டுப் புறப்படும் முன் மைத்ரேயியை அழைக்கிறார். உனக்கும் காத்யாயனிக்கும் உரியதைப் பிரித்து முடிவு செய்துவிடுகிறேன் என்கிறார். பிரம்ம ஞானியாகிய அவர்கூட சொத்தைக் குழப்பமாக விட்டுப் போகவில்லை; உரியவர்களை அழைத்து, வெளிப்படையாக, தாமே முன்வந்து பேசினார். அந்தப் பேச்சிலிருந்துதான் ஆத்ம வித்தை பிறந்தது. கணக்கை நேராக்குவது ஆன்மிகத்துக்கு முரணானதன்று. பல நேரங்களில் அதன் வாசல்.

ஆசிரியர் தம்பதியர் சிங்ஙத்தில் நிலத்தை மட்டும் மகனுக்கு எழுதினர், நிபந்தனையுடன். வீட்டுக்கு ஒஸ்யத்து எழுதிவைத்தனர். இரண்டையும் மகனுக்குப் படித்துக் காட்டினர். அவன் முகம் முதலில் வாடியதாகவும், பிறகு நெடுநேரம் மூவரும் பேசிக்கொண்டிருந்ததாகவும் ஆசிரியர் சொன்னார். அந்தப் பேச்சே ஒரு லாபம் என்று நினைக்கிறேன்.

மூதாட்டியிடம் தீர்ப்பாயத்தைப் பற்றி எடுத்துச் சொன்னோம். “மோன் பேரிலே மனுவா? வேண்டாம் சாமி” என்றார். அதுவும் அவர் சுதந்திரமே, நாங்கள் வற்புறுத்தவில்லை. அன்பர்கள் இருவர் மகனிடம் பக்குவமாகப் பேசினர். கூட்டுறவு சங்கத்திலிருந்து வீட்டிற்கு வரும் க்ஷேம பென்ஷனை இப்போது அவரே கைநீட்டி வாங்கி, தம் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். வீடு இன்னும் மகன் பெயரில்தான் இருக்கிறது. அந்தக் குறை தீரவில்லை.

சென்ற மாத வகுப்பு முடிந்து அனைவரும் எழுந்தபோது, அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்து உண்டியலில் இட்டார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தானத்தைப் பற்றி நான் பேசியவை அனைத்தையும் அந்தக் கை ஒரு கணத்தில் விளக்கிவிட்டது.

நம் இல்லங்களில் உள்ள முதியோரின் கைகள் கொடுக்கும் கைகளாகவே கடைசிவரை திகழ எல்லாம் வல்ல பகவான் அருள்புரிவாராக!